மாதவிலக்கு நிற்கும் பருவம்: ஹார்மோன் மாத்திரைக்கு மாற்று நம் கடைச் சரக்கில் உண்டா?

நமது திருவண்ணாமலையில் மளிகைக் கடையும் நாட்டு மருந்துக் கடையும் பல இடங்களில் ஒரே கூரையின் கீழ்தான் நடக்கின்றன. துவரம்பருப்பும் புளியும் நிறுத்துக் கொடுக்கும் அதே கைதான் அதிமதுரத்தையும் அமுக்கராவையும் பொட்டலம் கட்டுகிறது. ஆகவே டாக்டரிடம் போகும் முன்பே பல பெண்கள் நம் கடைப் படியேறி வந்து கேட்கிறார்கள்: "ராவுல தூக்கமே இல்லண்ணா, உடம்பு குப்குப்புனு வேர்க்குது. எதனா பொடி இருக்குதா?" கேட்பவருக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயதிருக்கும். மாதவிலக்கு நிற்கும் பருவம். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம்.

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதற்குப் பதிலாக ஒன்றைத் தேடி வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? நம் தட்டுகளில் உள்ள சரக்குகளில் எது எதற்கு உதவும், எது உதவாது, எப்போது பொட்டலம் கட்டாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதை வணிகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இது வாடிக்கையாளருக்காக மட்டுமல்ல. கல்லாவில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்காகவும்தான்.

உடம்பில் நடப்பது என்ன?

ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராமல் இருந்தால், மாதவிலக்கு நின்றுவிட்டது என்று கணக்கு. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. நம் நாட்டில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பாகவே, ஏறத்தாழ 46, 47 வயதிலேயே நிகழ்கிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரப்பது படிப்படியாகக் குறைவதே காரணம். இது நோய் அல்ல. வயதுக்கு வருவதைப் போலவே இயற்கையான ஒரு மாற்றம்.

ஆனால் நோய் இல்லை என்பதற்காகத் தொல்லையும் இல்லை என்று பொருளாகாது. மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள நரம்பணுக்கள் அளவுக்கு மீறிக் கிளர்ச்சி அடைகின்றன. உடம்பு சற்றே சூடேறினாலும், 'பெரும் வெப்பம் வந்துவிட்டது' என்று மூளை தவறாகக் கணித்து, வியர்வையைக் கொட்டச் செய்கிறது. மார்பிலிருந்து முகம் வரை அனல் பரவுவதும், நள்ளிரவில் புடவை நனைய வியர்த்து விழிப்பதும் இதனால்தான். சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடும். அடிக்கடி அனல் வரும் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, பாதிப் பேருக்கு இது 7 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இதோடு தூக்கமின்மை, படபடப்பு, எரிச்சல், மறதி, மூட்டுவலி, அசதி, பிறப்புறுப்பில் வறட்சி, அடிக்கடி நீர்க்கடுப்பு ஆகியவையும் வரலாம். நம் நாட்டுப் பெண்கள் அனலைவிட மூட்டுவலியையும் அசதியையுமே அதிகமாகச் சொல்கிறார்கள்.

ஹார்மோன் சிகிச்சைமீது பயம் வந்த கதை

குறைந்துபோன ஹார்மோனை மாத்திரையாகவோ, தோலில் ஒட்டும் பட்டையாகவோ, களிம்பாகவோ கொடுப்பது ஹார்மோன் சிகிச்சை. அனலைத் தணிப்பதில் இதற்கு இணையான மருந்து இன்றுவரை இல்லை. அப்படியானால் ஏன் பயம்?

அமெரிக்காவில் 16,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2002 ஜூலையில் பாதியில் நிறுத்தப்பட்டது. இருவகை ஹார்மோன்களைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதே காரணம். உலகமெங்கும் பத்திரிகைகள் இதைத் தலைப்புச் செய்தியாக்கின. பெண்கள் மாத்திரைகளைத் தூக்கி எறிந்தனர். அந்த 'சற்றுக் கூடுதல்' எவ்வளவு என்பதைப் பலரும் கேட்கவில்லை. 10,000 பெண்கள் ஓராண்டு சாப்பிட்டால் கூடுதலாக 8 பேருக்கு என்பதே அந்தக் கணக்கு. மேலும் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அனல் தொல்லைக்காக மருந்து தேடும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

60 வயதுக்குட்பட்டவர்கள், அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டுகளுக்குள் இருப்பவர்கள், வேறு தடை இல்லையென்றால் இந்தச் சிகிச்சையால் நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவ வல்லுநர்களின் கருத்து. இந்த மருந்துகளின்மீது அச்சடித்து வந்த கடும் எச்சரிக்கையை நீக்குவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2025 நவம்பரில் அறிவித்தது.

எனினும் இது எல்லோருக்கும் ஏற்றதல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம் அல்லது மாரடைப்பு வந்தவர்கள், கடுமையான ஈரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு டாக்டர்கள் பொதுவாக இதைத் தருவதில்லை. வேண்டாம் என்று தாமே முடிவு செய்பவர்களும் உண்டு. இவர்களுக்குத்தான் மாற்று வழி தேவைப்படுகிறது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 45 வயதுக்கு முன்பே கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் அறுவை செய்து எடுத்துவிட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. எலும்பும் இதயமும் முன்கூட்டியே பாதிக்கப்படும் ஆபத்து இவர்களுக்கு உண்டு. தடை ஏதும் இல்லையென்றால், இயற்கையாக நிற்கும் வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொள்ளும்படியே டாக்டர்கள் சொல்வார்கள். ஆகவே இவர்கள் பொடியும் கஷாயமும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

நம் கடையில் கேட்கப்படும் சரக்குகள்

இனி ஒவ்வொரு சரக்காகப் பார்ப்போம்.

சோயாவும் மீல் மேக்கரும்: சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்த தாவரப் பொருள் இருக்கிறது. சோயா அதிகம் உண்ணும் ஜப்பானியப் பெண்களுக்கு அனல் தொல்லை குறைவு என்று கண்டதால் 1990களில் இதற்குப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பிறகு நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக முடிந்தன. சிலருக்கு லேசான பலன் கிடைக்கலாம்; உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மலிவான விலையில் நல்ல புரதம் தரும் உணவு என்பதில் ஐயமில்லை.

ஆளி விதை: அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. 188 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஆளி விதை சேர்த்த தின்பண்டமும், மறு பாதியினருக்கு ஆளி விதை இல்லாத தின்பண்டமும் கொடுத்தார்கள். இரு தரப்பினருக்கும் அனல் ஏறத்தாழ ஒரே அளவில்தான் குறைந்தது. நார்ச்சத்துக்கும் மலச்சிக்கலுக்கும் ஆளி விதை நல்லது. அனலை அடக்கும் என்று சொல்லி விற்க ஆதாரமில்லை.

எள், பூசணி விதை, சூரியகாந்தி விதை: மாதத்தின் முற்பாதியில் இரண்டு விதைகள், பிற்பாதியில் வேறு இரண்டு என்று 'ஹார்மோன் விதைப் பொட்டலம்' இப்போது விற்பனைக்கு வருகிறது. ஹார்மோன் இதனால் சீராகும் என்பதற்கு நம்பகமான சான்று கிடையாது. விதைகள் நல்ல உணவு, அவ்வளவுதான்.

தண்ணீர்விட்டான் கிழங்கு: பெண்களுக்கான மூலிகை என்று சித்தமும் ஆயுர்வேதமும் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. இதில் நடந்துள்ள ஆய்வுகள் சிறியவை. சித்த மருத்துவர் ஒருவர் நாடி பார்த்து, மற்ற மருந்துகளையும் விசாரித்துக் கொடுப்பது வேறு. நாம் கைக்கணக்கில் அள்ளிக் கொடுப்பது வேறு.

அமுக்கரா: தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் வாங்குகிறார்கள். இது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். அரிதாகச் சிலருக்கு ஈரல் பாதிப்பும் ஏற்பட்டிருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததா என்று கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

அதிமதுரம்: இருமலுக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதில் பெரிய ஆபத்தில்லை. தினமும் பொடியாக, வாரக் கணக்கில் சாப்பிட்டால் உடலில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். ஐம்பது வயதுப் பெண்களில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நிறைய. அவர்களுக்கு இது ஆகாது.

வெந்தயமும் உளுந்தும்: இரண்டும் பழகிய உணவுகள். வெந்தயம் ரத்தச் சர்க்கரையை ஓரளவு இறக்கும் என்பதால், சர்க்கரை மாத்திரை சாப்பிடுவோர் அளவோடு சேர்க்க வேண்டும். உளுந்தங்களி தெம்பு தரும். ஆனால் அதில் சேரும் வெல்லமும் எண்ணெயும் எடையைக் கூட்டும் என்பதை மறக்கக் கூடாது.

எல்லாமே பலிப்பது போலத் தோன்றுவது ஏன்?

"உங்க கடைப் பொடி சாப்பிட்டேன், பாதி குறைஞ்சிடுச்சு" என்று சொல்லும் வாடிக்கையாளர் பொய் சொல்வதில்லை. மேலே சொன்ன ஆளி விதை ஆய்வை மீண்டும் கவனியுங்கள். வெறும் தின்பண்டம் சாப்பிட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அனல் பாதியாகக் குறைந்தது. நமக்கு ஒரு மருந்து கிடைத்திருக்கிறது என்ற நம்பிக்கையே ஓரளவு தணிக்கும். அனல் தானாகவே ஒரு மாதம் ஏறி, ஒரு மாதம் இறங்கும் இயல்புடையது என்பது இன்னொரு காரணம். தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து வாங்குகிறோம். பிறகு அது இறங்கும்போது பெருமை மருந்துக்குப் போகிறது.

நம்பிக்கையால் வரும் நிம்மதியில் தவறில்லை. அதற்கு ஐந்நூறு, ஆயிரம் என்று செலவாவதும், உண்மையான சிகிச்சை தள்ளிப்போவதும்தான் நஷ்டம்.

டாக்டரிடம் உள்ள மாற்று வழிகள்

ஹார்மோன் இல்லாத, ஆய்வில் தேறிய மருந்துகள் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் மெனோபாஸ் சங்கம் 2023இல் இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் அலசி ஒரு பட்டியல் வெளியிட்டது. மூலிகைகள், சத்து மாத்திரைகள், சோயா, அக்குபஞ்சர் ஆகியவற்றை அனலுக்குப் பரிந்துரைக்க முடியாது என்று அது கூறிவிட்டது. பரிந்துரைத்தவை வருமாறு:

மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளைக் குறைந்த அளவில் கொடுத்தால் அனல் குறைகிறது. வென்லாஃபாக்சின், எஸ்சிட்டலோபிராம், பராக்செட்டின் ஆகியவை அவற்றில் சில. மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்குப் பராக்செட்டின் ஆகாது. அது அந்த மருந்தின் பலனைக் குறைத்துவிடும்.

நரம்பு வலிக்குத் தரப்படும் கேபபென்டின், இரவு வியர்வையால் தூக்கம் கெடுபவர்களுக்கு உதவுகிறது. தலைசுற்றல் வரலாம். சிறுநீர்ப்பைக் கோளாறுக்கான ஆக்சிபியூட்டினின் என்ற மருந்தும் உதவுகிறது. வயதானவர்களுக்கு இது மறதியைக் கூட்டலாம்.

அனலைக் கிளப்பும் மூளை நரம்பணுக்களையே நேரடியாக அடக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற புதிய மருந்துக்கு அமெரிக்காவில் 2023 மே மாதம் அனுமதி கிடைத்தது. அரிதாக ஈரலைக் கடுமையாகப் பாதிக்கிறது என்பதால் 2024 டிசம்பரில் அதற்கு எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. புதியது என்றால் தீங்கற்றது என்று பொருளில்லை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மருந்தே இல்லாத ஒரு வழியும் அந்தப் பட்டியலில் உண்டு. மன ஆலோசகரிடம் சில அமர்வுகள் பேசி, அனல் வரும்போது மனம் பதறுவதை மாற்றிக்கொள்ளும் பயிற்சி அது. அனல் வரும் எண்ணிக்கை பெரிதாகக் குறையாவிட்டாலும், அதனால் படும் அவதி குறைகிறது, தூக்கமும் சீராகிறது.

இந்த மாத்திரைகள் யாவும் டாக்டர் சீட்டின் பேரில் மருந்துக் கடையில் மட்டுமே வாங்க வேண்டியவை. அக்கம்பக்கத்தார் சாப்பிடும் மாத்திரையை வாங்கிப் போட்டுப் பார்ப்பது ஆபத்து. பலர் சொல்லக் கூசும் பிறப்புறுப்பு வறட்சிக்கும் ஹார்மோன் இல்லாத ஈரப்பதக் களிம்புகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. பெண் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

எடை அதிகமுள்ளவர்கள் எடையைக் குறைத்தால் அனலும் குறைகிறது. மேற்சொன்ன பட்டியலில் இதுவும் இடம்பெற்றிருக்கிறது.

யோகாசனத்தைப் பொறுத்தவரை, பெங்களூரின் விவேகானந்த யோகப் பல்கலைக்கழகத்தார் 120 பெண்களிடம் 8 வாரங்கள் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களைவிட யோகா செய்தவர்களுக்கு அனலும் இரவு வியர்வையும் குறைந்தன. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் அனலின் எண்ணிக்கை குறையவில்லை. தூக்கம் மட்டும் மேம்பட்டது. எப்படியும் நஷ்டமில்லாத முயற்சி.

கடையில் உட்காருபவர்களுக்குச் சில யோசனைகள். கல்லாவுக்குப் பின்னால் மூட்டை அடுக்கிக் காற்றை அடைக்க வேண்டாம். உட்காரும் இடத்துக்கு நேராக ஒரு சின்ன மின்விசிறி வையுங்கள். நைலக்ஸ் புடவைக்குப் பதில் பருத்திப் புடவை. சூடான டீ, காரமான வடை சாப்பிட்டதும் அனல் வருகிறதா என்று இரண்டு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். வந்தால் குறையுங்கள், வராவிட்டால் வீணாகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். நடப்பது எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லது. ஆனால் மாதத்தில் ஒரு நாள் 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு மற்ற நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பதைவிட, தினமும் அரை மணி நேரம் நடப்பது மேல். காலையில் கடை திறக்கும் முன் கிரிவலப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் போய்வந்தாலே போதும்.

எலும்புக்கு ஒரு வரவுக் கணக்கு

நம் சரக்கு உண்மையாகவே உதவுகிற இடம் இது. மாதவிலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாகத் தேய்கிறது. கால் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் நிலை பின்னால் வருவதற்கு வித்து இப்போது விழுகிறது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குத் தினமும் 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் நிர்ணயித்தது.

வணிகர் பாணியில் வரவு எழுதிப் பார்ப்போம். கேழ்வரகு மாவு 100 கிராம்: ஏறத்தாழ 350 மி.கி. பசும்பால் அல்லது தயிர் 400 மில்லி: ஏறத்தாழ 480. எள் 10 கிராம்: 100க்கு மேல். முருங்கைக்கீரை 50 கிராம்: 150க்கு மேல். ஆக 1,080 மி.கி. சேர்ந்துவிட்டது. மீதியைப் பருப்பும் மற்றக் கீரைகளும் ஈடுகட்டும். சைவம் அல்லாதவர்களுக்கு முள்ளோடு உண்ணும் நெத்திலி உண்டு. கருவாடானால் உப்பு அதிகம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

'சிறுதானியம்' என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் வந்திருக்கிறது. நமது ஜவ்வாது மலைச் சாமை அருமையான தானியம். ஆனால் 100 கிராம் சாமையில் கால்சியம் 20 மி.கி. கூட இல்லை. எலும்புக்கு என்று கேட்பவருக்குக் கேழ்வரகைக் காட்டுவதே நியாயம்.

கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். விடியற்காலையில் கடைக்குள் நுழைந்து, விளக்கு வைத்தபின் வெளியே வரும் பெண்களுக்கு அது கிடைப்பதில்லை. முற்பகல் 11 மணிக்கு மேல் கால் மணி நேரமாவது கை, கால், முகத்தில் வெயில் படட்டும்.

பொட்டலம் கட்டக் கூடாத நேரம்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். "சூடு, தானாப் போயிடும்" என்று யாரும் சொல்லக் கூடாது. இப்படி ரத்தப்போக்கு வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் இருப்பது தெரியவருகிறது. ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். அசோகப்பட்டைக் கஷாயத்தில் மூன்று மாதம் கழித்தால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இரவு வியர்வையோடு மாலைக் காய்ச்சல், இருமல், எடை குறைதல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை தேவை. படபடப்போடு கை நடுக்கமும் எடை குறைவும் இருந்தால் தைராய்டு பரிசோதனை தேவை. மார்பில் கட்டி, நெஞ்சு வலி, வாழ்க்கையே வெறுத்துப்போகும் மனச்சோர்வு ஆகியவையும் தாமதிக்கக் கூடாதவை.

நமது ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செலவில்லாமல் டாக்டரைப் பார்க்கலாம். உடல்நலச் சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணிலும், மனச்சோர்வுக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

விற்பனையில் கவனிக்க வேண்டியவை

சட்டத்தையும் பார்த்துக்கொள்வோம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டம், மாதவிலக்குக் கோளாறுகளைச் சரிசெய்யும், பெண்கள் நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. விளம்பரம் என்றால் பத்திரிகை விளம்பரம் மட்டுமல்ல. லேபிள், நோட்டீஸ், வாயால் கூவுவது, ஒலி, ஒளி, புகையால் காட்டுவது வரை அதில் அடங்கும். கடை வாசலில் எழுதி மாட்டும் அட்டையும் விளம்பரமே. உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொல்வதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளில் இடமில்லை. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

பெயரில்லாத பொடிகளை வாங்கி வைக்காதீர்கள். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள 30 தெற்காசிய மளிகைக் கடைகளில் ஆயுர்வேத மருந்துகள் 70ஐ வாங்கிச் சோதித்தார்கள். அவற்றில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நம்மைப் போன்ற கடைக்காரர்கள்தான் தெரியாமல் அவற்றை விற்றிருக்கிறார்கள். தயாரிப்பாளர் பெயர், உற்பத்தி உரிம எண், தொகுப்பு எண், காலாவதித் தேதி இல்லாத டப்பாவைக் கொள்முதலிலேயே தள்ளிவிடுங்கள். பில் தராத மொத்த வியாபாரியிடம் மருந்துச் சரக்கு எடுக்காதீர்கள்.

கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் போதும்: வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு உண்டா? நின்றபிறகு ரத்தப்போக்கு வந்ததா? ஆண்கள் கேட்கக் கூச்சப்பட்டால், கடையில் உள்ள பெண்கள் தனியாக அழைத்துக் கேட்கலாம்.

நம் வீட்டுக்குள்ளும்

இந்தப் பருவத்தில் மனைவி எரிந்து விழுகிறார், கணக்கில் மறதி வருகிறது, பட்டப்பகலில் அசந்துபோகிறார் என்றால், அது சோம்பலோ வேண்டுமென்று செய்வதோ இல்லை. இரவெல்லாம் வியர்த்து விழித்த உடம்பு அது. அதிகாலைச் சந்தைக்கு அவரை எழுப்பாமல் இருங்கள். வாரத்தில் ஒரு மதியம் கடையிலிருந்து விடுவியுங்கள். டாக்டரிடம் போகும்போது கூடப் போய் உட்காருங்கள். "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று யாராவது சொன்னால், அவசரப்படாமல் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள். கர்ப்பப்பையை எடுப்பது அனலுக்கு மருந்தாகாது.

நமது தொழிலின் முதல் நம்பிக்கைதான். எடையில் குறைக்காத வணிகன் சொல்லிலும் கூட்டக் கூடாது. கேழ்வரகை எலும்புக்கென்று சொல்லி விற்போம். எள்ளை நல்ல உணவென்று சொல்லி விற்போம். அனலுக்கு மருந்து கேட்டு வரும் பெண்ணிடம், "அதுக்கு ஆஸ்பத்திரியில நல்ல மருந்து இருக்குதும்மா, ஹார்மோன் வேணாம்னாலும் வேற மாத்திரை குடுப்பாங்க, போய்க் கேளுங்க" என்று சொல்லி அனுப்புவோம். அன்று ஒரு பொட்டலம் விற்காமல் போகலாம். அந்த அம்மாள் அடுத்த மாதச் சாமான் சீட்டோடு நம் கடைக்கேதான் வருவார்.